புதிருக்கு நெறி வகுத்த ஆசிரியர்

குறுக்கெழுத்துப் புதிரை வெறும் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் பலர். அதனை இலக்கண வரம்புடைய ஒரு கலையாக்கியவர் ஆங்கிலேயர் ஒருவர். அவரும் பள்ளியாசிரியர் என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவதாகும்.

டெரிக் சொமர்செற் மக்நட் 1902ஆம் ஆண்டு பிறந்தார். கேம்பிரிட்ஜிலே பயின்று கிரேக்க இலத்தீன் மொழிகளில் வல்லவராகி, ஹோர்சம் நகருக்கு அணித்தாயுள்ள கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் பழம்பெருங் கல்லூரியில் அவற்றைக் கற்பித்தார். பெயரைக் கேட்டு வைத்தியசாலை என மயங்கற்க, அது கல்விச்சாலையே.

அக்காலத்தில் லண்டன் ‘ஒப்சேவர்’ வார இதழிலே, தொர்க்கெமாதா என்னும் புனைபெயரில் எட்வேட் பொவிஸ் மாதேர்ஸ் என்பார் 1926 முதல் புதிர் அமைத்துவந்தார். அவர் பெரும் புலமையாளர். ஆயினும் அவர் தந்த குறிப்புகள் சிலவற்றை விடை தெரிந்த பின்னரும் விளங்கிக்கொள்ளல் அரிது. 1939இல் அவர் மறைந்தபின் அப்பணி மக்நட்டுக்கு வந்தது. முன்னவர் ஸ்பானிய மதவிசாரணைத் தலைவர் ஒருவரின் பெயரைச் சூடியிருந்தாராகலின், பின்னவரும் அவ்வரிசையிலே சிமெனிஸ் எனப் பெயர் பூண்டார்.

பெயர் கொடியது, நெறியோ செம்மையானது. ஒவ்வொரு குறிப்பிலும் விடையின் செவ்விய வரைவிலக்கணம் ஒன்று இருத்தல் வேண்டும், சொல்லைப் பிரித்தோ புணர்த்தோ எழுத்துகளை மாற்றியோ அவ்விடையைக் காட்டும் வழி ஒன்று இருத்தல் வேண்டும், பிறிதொன்றும் இருத்தலாகாது. தமிழிலே ஓர் உதாரணம் காட்டுவாம். ‘கொடு, மான், குளத்து மலர்’ என்பது குறிப்பாயின், விடை தாமரை. கொடு என்பது தா; மான் என்பது நம் காடுகளில் வாழும் மரை; குளத்து மலர் என்பது வரைவிலக்கணம். இதனையே ‘மானைக் கொடு’ என மாற்றின் ஓசை இனிக்கும். ஆயின் வருஞ் சொல் மரைதா. அத்தகைய குறிப்பைச் சிமெனிஸ் ஏற்கமாட்டார். விடை காண்போனைத் திகைக்க வைக்கலாம், ஏமாற்றலாகாது என்பதே அவர் கொள்கை. இதன் வித்து அவ்ரிற் என்னும் புனைபெயருடைய ரிச்சி 1949இல் வெளியிட்ட நூலில் உள்ளது. அக்கடனை மக்நட் மறைத்தாரல்லர்.

அவர் புகழுக்கு மெய்யான காரணம் அவர் நடத்திய போட்டியே என்பது எம் கருத்து. ஒரு சொல்லுக்கு வாசகரே குறிப்பு எழுதி அனுப்புவர்; அவர் நிறைகுறை கண்டு, அச்சிட்ட தாளொன்றிலே தம் விமரிசனத்தை அவர்களுக்கு அனுப்புவார். வகுப்பிலே கொப்பி திருத்திய கை வீட்டிலும் ஓயவில்லை! போட்டியாளருள் ஒருவர் நாவலாசிரியர் கொலின் டெக்ஸ்ரர். தம் துப்பறியுங் கதைகளின் நாயகருக்கு மோர்ஸ், லூவிஸ் என்னும் பெயர்களை அவர் இட்டது சக போட்டியாளர் இருவரை நினைந்தேயாம்.

மக்நட் 1963இல் ஆசிரியப் பணியிலிருந்து இளைப்பாறினார். 1966இல் புதிர்க்கலை பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1968இல் அவரது ஆயிரமாவது புதிர் வந்தது. 1971இல் காலமானார். மறுவருடம் அவ்விடத்தை ஏற்ற ஜொனதன் குறௌதர், டேசா என்னும் மற்றொரு விசாரணைத் தலைவரின் பெயரை ஆங்கில எழுத்துகளிலே தலைகீழாக்கி, அசெட் எனப் பெயர் புனைந்துகொண்டார்.