மணலில் வரைந்த வண்டி

உங்க முன்னாடி ரெண்டு சாவி இருக்குன்னு வச்சுக்கோங்க. முதல் சாவி ரெண்டே சீட் உள்ள ஓப்பன் காருக்கு. பின்னாடி கேஸ் டர்பைன் எஞ்சின், வேகம் மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல. ரெண்டாவது சாவி ஒரு அலுமினியப் பெட்டிக்கு. 80-ஐத் தாண்டினாலே மூச்சு வாங்கும், கதவுக்குக்கூட தனிக் காசு. ஆனா சேறு, மேடு, உழுத வயல் எதுவா இருந்தாலும் நிக்காம போகும்.

எதை எடுப்பீங்க? முதல் சாவியைத்தானே? ஆனா ஒரு விஷயம்: இந்த ரெண்டு வண்டிக்கும் பின்னால இருந்த சீஃப் எஞ்சினியர் ஒரே ஆள். அவர் பேர் மாரிஸ் வில்க்ஸ். வண்டி பைத்தியம் உள்ளவங்களுக்கு இந்தப் பேர் நல்லாவே தெரியும். மத்தவங்களுக்கு அவர் செஞ்ச வண்டி தெரியும்: லேண்ட் ரோவர்.

மாரிஸ் 1904-ல் இங்கிலாந்தில் பிறந்தார். ஹில்மேன் கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இடையில் அமெரிக்கா போய் ரெண்டு வருஷம் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்துட்டு, திரும்பவும் ஹில்மேனுக்கே வந்தார். 1930-ல் ரோவர் கம்பெனியில் சேர்ந்தார். அவருடைய அண்ணன் ஸ்பென்சர் அங்கே ஏற்கெனவே நிர்வாகத்தில் இருந்தார். அப்போ ரோவர் பணக்கஷ்டத்தில் தள்ளாடிக்கிட்டு இருந்தது. அண்ணன் கணக்கு வழக்கைப் பார்த்தார், தம்பி டிசைனைப் பார்த்தார். எண்ணிக்கை குறைவா இருந்தாலும் தரமான கார் செய்வோம்னு முடிவெடுத்து கம்பெனியைக் காப்பாத்தினாங்க.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஃபிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் எஞ்சினை ஃபேக்டரியில் உற்பத்தி செய்யும் பொறுப்பை பிரிட்டிஷ் அரசு ரோவரிடம் கொடுத்தது. விட்டிலுக்கும் ரோவர் ஆட்களுக்கும் ஒத்தே போகலை. டிசைனை யார் மாத்தலாம், யார் மாத்தக்கூடாதுன்னு ஒரே சண்டை. கடைசியில் 1943-ல் ஜெட் வேலை ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. பதிலுக்கு ரோவருக்கு டாங்கி எஞ்சின் வேலை வந்தது. வேலை கைமாறினாலும் டர்பைன் மேல மாரிஸுக்கு வந்த ஆசை போகலை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

போர் முடிஞ்சப்போ கோவென்ட்ரியில் இருந்த ரோவர் ஃபேக்டரி குண்டு விழுந்து சேதமாகியிருந்தது. கம்பெனி சோலிஹல்லுக்கு மாறியது. இடம் இருந்தது, ஆள் இருந்தாங்க, ஸ்டீல்தான் இல்லை. ஏற்றுமதி பண்றவங்களுக்குத்தான் ஸ்டீல்னு அரசு சொல்லிடுச்சு. ரோவர் செஞ்ச சொகுசு கார்களை வெளிநாட்டில் வாங்க ஆளும் குறைவு.

மாரிஸுக்கு வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே ஓட்டுறதுக்கு, ராணுவம் கழிச்சுப் போட்ட வில்லிஸ் ஜீப் ஒன்னு வச்சிருந்தார். இவ்வளவு பெரிய கார் கம்பெனியின் சீஃப் எஞ்சினியர், சொந்த நிலத்துல ஓட்டினது இன்னொருத்தன் செஞ்ச பழைய ஜீப்! மரம் இழுக்கணும், மணல்ல போகணும், ஈரப் புல்லுல ஏறணும். இந்த வேலைக்கு அவங்க கம்பெனியில வண்டியே இல்லை. இந்த ஜீப் படுத்துடுச்சுன்னா அடுத்து என்ன வாங்குறதுன்னு யோசிச்சப்போ, இன்னொரு ஜீப்பைத் தவிர வேற வழி இல்லைன்னு அவருக்குப் புரிஞ்சது. சரி, அதை நாமளே ஏன் செய்யக்கூடாது?

1947-ல் ரெட் வார்ஃப் பே கடற்கரையில் மாரிஸ் தன் அண்ணனுக்கு அந்த வண்டியின் உருவத்தை மணலில் வரைஞ்சு காட்டினார்னு சொல்லுவாங்க. அந்த வருஷ கோடையிலேயே ஜீப் சேசிஸ் மேல ரோவர் எஞ்சினை வச்சு முதல் மாதிரி தயாராகிடுச்சு. டிராக்டர் மாதிரி ஸ்டீயரிங் நடுவுல இருந்தது. ஓட்டிப் பார்த்தா சரிப்படலை, அதைத் தூக்கிட்டாங்க.

எஞ்சினியரிங் படிக்கிறவங்க இதுக்கு மேல கொஞ்சம் கவனமா படிங்க. ஸ்டீல் இல்லைங்கிற பிரச்சினையை மாரிஸ் எப்படிச் சமாளிச்சார்? விமானத் தொழிலில் புழங்கின அலுமினிய உலோகக் கலவை கிடைச்சது. அதில் பாடி செஞ்சார். பெரிய பிரஸ் டை செய்ய காசும் இல்லை, நேரமும் இல்லை. அதனால பேனல்களை முடிஞ்ச வரைக்கும் தட்டையா, சாதாரணமா மடக்கக்கூடிய மாதிரி டிசைன் பண்ணினாங்க. சேசிஸுக்கு மட்டும் ஸ்டீல். அதையும் தட்டையான பட்டைகளை வெல்ட் பண்ணி சதுரக் குழாய் மாதிரி ஆக்கினாங்க. விமானங்களுக்குன்னு வாங்கி மிஞ்சின பச்சை பெயின்ட்டையே அடிச்சாங்க. இன்னைக்கு எல்லாரும் ஸ்டைல்னு ரசிக்கிற அந்தச் சதுர முகம், தட்டுப்பாட்டுல பிறந்தது.

1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் மோட்டார் ஷோவில் வண்டி வெளிவந்தது. 80 அங்குல வீல்பேஸ், 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சுமார் 50 குதிரைசக்தி, நாலு சக்கரத்துக்கும் இழுவை. நாலு கியருக்கும் லோ ரேஞ்ச், ஹை ரேஞ்ச் உண்டு. லோ ரேஞ்ச்ல போட்டா வேகம் செத்துடும், ஆனா சக்கரத்துக்குப் போற டார்க் பல மடங்காகும். எஞ்சின் சக்தியை வெளியே எடுத்து ரம்பம், தண்ணி பம்ப் ஓட்டுற வசதியும் உண்டு. விலை 450 பவுண்டு.

கம்பெனி இதை ரெண்டு மூணு வருஷம் தாக்குப்பிடிக்கிற இடைக்கால வண்டியாத்தான் நினைச்சது. கார் வியாபாரம் சரியானதும் நிறுத்திடலாம்னு பிளான். நடந்தது வேற. சில வருஷத்திலேயே ரோவரின் எல்லா கார்களையும்விட லேண்ட் ரோவர் அதிகமா வித்தது.

இப்போ அந்த டர்பைன் ஆசைக்கு வருவோம். 1950 மார்ச்சில் ரோவர் ஜெட் 1 என்ற காரைக் காட்டியது. கேஸ் டர்பைனில் ஓடின உலகின் முதல் கார் அது. 1952-ல் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் மணிக்கு 152 மைல் தொட்டது. கேட்கவே சிலிர்க்குதுல்ல?

ஆனா கணக்கு உதைச்சது. முழு லோடில், ஒரே வேகத்தில் ஓடும்போதுதான் டர்பைன் சிக்கனமா இருக்கும். விமானத்துக்கு அது சரி. சாலையில் நின்னு நின்னு போற காருக்கு? லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான் கொடுத்தது. ஆக்சிலரேட்டரை மிதிச்சா டர்பைன் சுழற்சி ஏறுற வரைக்கும் காத்திருக்கணும். காலை எடுத்தா எஞ்சின் பிரேக்கிங் கிடைக்காது. அந்தச் சூட்டைத் தாங்குற உலோகமோ பயங்கர விலை. மாரிஸ் குழு விடலை, அடுத்தடுத்து டர்பைன் கார்கள் செஞ்சாங்க. 1963 ஜூனில் ரோவர் பி.ஆர்.எம். டர்பைன் கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை முழுசா ஓடி முடிச்சது. ஆனா எந்த டர்பைன் காரும் கடைக்கு விற்பனைக்கு வரவே இல்லை.

அதே வருஷம் செப்டம்பரில், ரோவரின் சேர்மனாக இருந்த மாரிஸ் 59 வயதில் இறந்தார்.

ஜெட் 1 இப்போ லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குப் போயிடுச்சு. லேண்ட் ரோவரோ, டிஃபெண்டர் என்ற பெயரோட 2016 ஜனவரி வரைக்கும் சோலிஹல்லில் உற்பத்தியில் இருந்தது. மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல. இன்னொரு செய்தியும் இருக்கு: மாரிஸுடைய சகோதரி மகன் ஸ்பென் கிங், ஜெட் 1 குழுவில் வேலை பார்த்தவர். பின்னாளில் அவரே 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவரை உருவாக்கின குழுவுக்குத் தலைமை தாங்கினார். டர்பைன் படிச்ச கையும் கடைசியில் சேத்து வண்டிக்குத்தான் வந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் மோசம்னு நான் சொல்ல வரலை. மாரிஸே அப்படி நினைக்கலை, சாகிற வரைக்கும் வேகத்தைத் துரத்தினார். நான் பார்க்கிறது, ரெண்டு வண்டியும் எந்தக் கேள்வியில இருந்து பிறந்ததுங்கிறதை. ஜெட் 1, இந்த எஞ்சினை வச்சு என்ன பண்ணலாம்னு கேட்டுப் பிறந்தது. லேண்ட் ரோவர், இந்த வேலைக்கு என்ன வண்டி வேணும்னு கேட்டுப் பிறந்தது. அந்த வேலை அவருக்குக் கைப்பழக்கத்துல தெரியும்.

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல பாதி, முதல் கேள்வியிலதான் ஆரம்பிக்குது. கையில ஒரு சென்சார், ஒரு போர்டு, ஒரு புது அல்காரிதம் இருக்கும். அதை எங்கே மாட்டலாம்னு அப்புறமா தேடுவோம். ரிவ்யூல கைதட்டல் விழும், வைவா முடிஞ்சதும் அது லேப் பீரோவுக்குள்ள போயிடும். ஜூனியர்ஸ், அடுத்த தடவை டைட்டில் யோசிக்கும்போது ஊருக்குப் போனா உங்க வீட்டுல, வயல்ல, அப்பாவோட கடையில ஒரு சுத்து சுத்துங்க. யாரோ ஒருத்தர் தினமும் பொருந்தாத கருவியை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பாங்க. அவங்க பக்கத்துல அரை நாள் உட்கார்ந்து பார்த்துட்டு, அப்புறம் பேப்பரை எடுங்க.