பீட்டர் ஸ்காட்

சர் பீட்டர் மார்க்கம் ஸ்காட் (செப்டம்பர் 14, 1909 - ஆகஸ்ட் 29, 1989) இங்கிலாந்தைச் சேர்ந்த பறவையியலாளர், ஓவியர், இயற்கைப் பாதுகாவலர் ஆவார். தென்முனைப் பயணி ராபர்ட் ஃபால்கன் ஸ்காட்டின் ஒரே மகனான இவர், இளமையில் காட்டு வாத்து வேட்டையில் தீவிர ஈடுபாடு கொண்டிருந்தார். பின்னாளில் அதே பறவைகளின் பாதுகாப்புக்காக 1946 ஆம் ஆண்டு சிலிம்பிரிட்ஜ் என்னும் ஊரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அழியும் நிலையில் இருந்த நேனே என்னும் ஹவாய் வாத்தினத்தை மீட்டது இந்நிறுவனத்தின் பணிகளுள் முதன்மையானதாகக் கருதப்படுகிறது. 1961 இல் தொடங்கப்பட்ட உலக வனவிலங்கு நிதியத்தின் நிறுவனர்களுள் இவரும் ஒருவர்.

இளமை

பீட்டர் ஸ்காட் இலண்டனில் பிறந்தார். தாய் காத்லீன் ஸ்காட் ஒரு சிற்பி. குழந்தைக்கு இரண்டரை வயது இருக்கும்போது, 1912 மார்ச்சில், தந்தை அண்டார்க்டிக்காவில் இறந்தார். இறக்கும் முன் மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், மகனுக்கு இயற்கை வரலாற்றில் ஆர்வம் உண்டாக்குமாறு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பீட்டர் பேன் கதையை எழுதிய ஜே. எம். பேரி இவரது ஞானத்தந்தை ஆவார். அக்கதைத் தலைவனின் பெயரே இவருக்கு இடப்பட்டது.

ஆண்டில் பள்ளியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் கல்வி கற்றார். அறிவியல் மாணவராகச் சேர்ந்து, கலை வரலாற்றில் பட்டம் பெற்றார். மியூனிக்கிலும் இலண்டன் அரச கலைக்கழகப் பள்ளியிலும் ஓவியம் பயின்றார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

வேட்டையும் மனமாற்றமும்

கேம்பிரிட்ஜ் நாட்களில் கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களிலும் வாஷ் விரிகுடாவின் சேற்றுப் பரப்புகளிலும் ஸ்காட் வேட்டையாடினார். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் இளஞ்சிவப்புக்கால் வாத்துகளே முக்கிய இலக்கு. இவை தமிழ்நாட்டின் கூந்தன்குளத்துக்கு வலசை வரும் பட்டைத்தலை வாத்தின் பேரினத்தைச் சேர்ந்தவை. தட்டையான படகில் பொருத்திய பெரிய துப்பாக்கியால் ஒரே வெடியில் பல பறவைகளை வீழ்த்தும் முறையும் அக்காலத்தில் வழக்கில் இருந்தது.

1930-களில் நடந்த ஒரு வேட்டையின்போது, குண்டடிபட்ட ஒரு வாத்து மனிதர் நடந்து செல்ல இயலாத மென்சேற்றில் விழுந்தது. அதை எடுத்துவரவும் முடியவில்லை, துன்பத்தை முடித்துவைக்கவும் முடியவில்லை. மறுநாளும் அது அதே இடத்தில் உயிருடன் கிடந்தது. அப்பறவைக்கு அத்துன்பத்தை இழைக்கத் தமக்கு என்ன உரிமை என்ற கேள்வி அப்போது எழுந்ததாக அவர் பின்னாளில் பதிவு செய்துள்ளார். எனினும் அவர் உடனே வேட்டையை விட்டுவிடவில்லை. அதன் பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்து, 1950-களிலேயே முற்றிலும் கைவிட்டார். வேட்டைக்காரர்களைப் பகைவர்களாகக் கருதாமல், பாதுகாப்புப் பணியில் அவர்களுடன் சேர்ந்தே செயல்பட்டார்.

கலங்கரை விளக்கம்

1933 முதல் 1939 வரை சட்டன் பிரிட்ஜ் அருகே, ஆறு கடலை அடையும் இடத்தில் இருந்த பழைய கலங்கரை விளக்கத்தில் ஸ்காட் வசித்தார். அங்கு ஓவியம் வரைந்ததுடன், உயிருள்ள வாத்துகளையும் சேர்த்து வளர்த்தார். வலசையில் கூட்டத்தைப் பிரிந்த ஓர் இளம் இளஞ்சிவப்புக்கால் வாத்து 1936 இல் தானாக அங்கு வந்து இறங்கியது. அனபெல் எனப் பெயரிடப்பட்ட அது வசந்த காலத்தில் வடக்கே பறந்து சென்று, அடுத்த இலையுதிர் காலத்தில் மீண்டும் அங்கேயே வந்தது.

அமெரிக்க எழுத்தாளர் பால் காலிக்கோ எழுதிய பனி வாத்து (1941) என்னும் குறும்புதினம், ஓரளவு இவ்வாழ்க்கையைத் தழுவியது. அக்கதையில், கலங்கரை விளக்கத்தில் தனித்து வாழும் ஓவியன், குண்டடிபட்ட ஒரு பறவைக்குச் சிகிச்சை அளித்துக் காப்பாற்றுகிறான். 1946 இல் வெளிவந்த பதிப்புக்கு ஸ்காட்டே ஓவியங்கள் வரைந்தார். கதையின் ஓவியனைப் போலன்றி, ஸ்காட் வேட்டைக்காரராகவும் இருந்தார்.

1939 இல் போர் தொடங்கியதும் பறவைத் தொகுப்பு கலைக்கப்பட்டது. ஸ்காட் அரச கடற்படையில் பணியாற்றி விருதுகள் பெற்றார்.

சிலிம்பிரிட்ஜ்

1945 டிசம்பரில் செவர்ன் ஆற்றின் கழிமுகத்துக்குச் சென்ற ஸ்காட், அங்கு வந்திருந்த வெண்நெற்றி வாத்துகளின் இடையே அரிய சிறு வெண்நெற்றி வாத்தையும் கண்டார். தம் கனவு நிலையத்துக்கு அவ்விடமே ஏற்றது என முடிவு செய்தார். 1946 நவம்பரில் செவர்ன் காட்டு நீர்ப்பறவை அறக்கட்டளை தொடங்கப்பட்டது.

இங்கு நான்கு பணிகள் ஒருங்கே நடைபெற்றன: உலகின் நீர்ப்பறவை இனங்களை வளர்த்தல், காட்டுப் பறவைகளுக்குப் புகலிடம் அளித்தல், ஆராய்ச்சி, பொதுமக்களுக்குக் காட்டுதல். காட்டு வாத்துகள் மீது ஏவுகணை போன்ற கருவிகளால் வலையை வீசி, பிடித்த பறவைகளுக்குக் கால்வளையம் இட்டு மீண்டும் பறக்கவிடும் முறை இங்கு உருவாக்கப்பட்டது. இதனால் கொல்லாமலேயே வலசைப் பாதைகளை அறிய முடிந்தது.

1964 முதல், நிலையத்துக்கு வந்த பெவிக் அன்னங்களை அவற்றின் அலகிலுள்ள கறுப்பு மஞ்சள் கோலங்களைக் கொண்டு தனித்தனியே அடையாளம் கண்டு, ஒவ்வொன்றின் முகத்தையும் ஸ்காட் வரைந்து வைத்தார். இவ்வாய்வு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

நேனே வாத்து மீட்பு

ஹவாய்த் தீவுகளில் மட்டும் வாழும் நேனே, வேட்டையாலும், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கீரி, பூனை, எலி முதலியவற்றாலும் அழிந்துவந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 30 பறவைகளே எஞ்சியிருந்தன.

1950 இல் நிலையப் பொறுப்பாளர் ஜான் யீலண்ட் ஹவாய் சென்று, ஹெர்பர்ட் சிப்மன் என்பவர் வளர்த்த கூட்டத்திலிருந்து இரு பறவைகளைப் பெற்றுவந்தார். இணை எனக் கருதப்பட்ட அவை அடுத்த ஆண்டு இரண்டுமே முட்டையிட்டன. அப்போதுதான் இரண்டும் பெட்டைகள் எனத் தெரிந்தது. உடனே ஹவாயிலிருந்து ஓர் ஆண் வாத்து வரவழைக்கப்பட்டது. ஹவாய் மன்னரின் நினைவாக அதற்குக் கமேஹமேஹா எனப் பெயரிட்டனர். 1952 இல் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன.

1962 இல் சிலிம்பிரிட்ஜில் வளர்ந்த பறவைகளின் முதல் தொகுதி, இவ்வினம் முன்பே மறைந்துவிட்டிருந்த மாவி தீவில் விடப்பட்டது. மொத்தம் சுமார் 200 பறவைகள் இங்கிருந்து அனுப்பப்பட்டன.

இம்முயற்சியில் குறைகளும் இருந்தன. மிகச் சில முன்னோரிலிருந்து பெருகியதால் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் ஏற்பட்டு, கருவுறுதிறன் குறைந்தது. காட்டில் கீரிகள் இருக்கும்வரை, விடப்பட்ட பறவைகள் தாமாகப் பெருகுவதும் கடினமாக இருந்தது. பறவையை வளர்ப்பது போதாது, அதன் வாழிடத்தையும் திருத்த வேண்டும் என்பதை இது உணர்த்தியது. ஹவாயிலேயே வளர்ப்பும் வாழிடப் பாதுகாப்பும் தொடர்ந்ததால் எண்ணிக்கை 2,800-ஐத் தாண்டியது. 2019 இல் ஐக்கிய அமெரிக்க அரசு நேனேயை அழியும் நிலையில் உள்ளவை என்ற பட்டியலிலிருந்து, அதற்கு அடுத்த, குறைந்த ஆபத்துள்ள நிலைக்கு மாற்றியது.

பிற பணிகள்

1955 முதல் பிபிசி தொலைக்காட்சியின் லுக் என்னும் இயற்கை நிகழ்ச்சியை நடத்தினார். உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா சின்னத்தை, ஜெரால்டு வாட்டர்சனின் வரைபடங்களைக் கொண்டு வடிவமைத்தார். அழியும் இனங்களைப் பட்டியலிடும் செந்தரவு நூல்கள் உருவாவதிலும் முக்கியப் பங்காற்றினார். 1963 இல் பிரித்தானிய மிதவை வானூர்திப் போட்டியில் முதலிடம் பெற்றார்.

1973 இல் சர் பட்டம் பெற்றார். 1989 ஆகஸ்ட் 29 இல், தம் 80 ஆவது பிறந்தநாளுக்கு இரு வாரங்கள் முன்பு, பிரிஸ்டலில் காலமானார்.

எழுதிய நூல்களுள் சில

* மார்னிங் ஃபிளைட் (1935)
* வைல்ட் கோரஸ் (1938)
* தி ஐ ஆஃப் தி விண்ட் (1961) - தன்வரலாறு