விஞ்ஞானி அறிமுகம்: பிரான்சுவா மரி இரவோற்று (1830 – 1901)

மாணவர்களே, உயர்தர இரசாயனவியலில் இரவோற்றின் விதியைக் கற்கின்றீர்கள். அதைக் கொண்டு கணிப்புகளும் செய்கின்றீர்கள். அவ்விதியைத் தந்தவரின் வாழ்க்கையை அறிந்தால் விதியின் பொருளும் உங்களுக்குத் தெளிவாகும்.

இரவோற்று 1830 மே 10 இல் பிரான்சின் வடபகுதியிலுள்ள பூர்ன் என்னும் ஊரில் பிறந்தார். பரிசு நகரில் உயர்கல்வி கற்க முயன்றபோதும் பணவசதி இன்மையால் படிப்பை இடைநிறுத்த நேர்ந்தது. எனினும் அவர் மனந்தளரவில்லை. பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே ஆய்வுகளைச் செய்து, 1863 இல் மின்கலங்கள் பற்றிய ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1867 இல் கிரெனோபிள் நகருக்குச் சென்று, 1870 இல் அங்கு இரசாயனவியற் பேராசிரியரானார். இறக்கும்வரை அந்நகரிலேயே பணிபுரிந்தார்.

அக்காலத்தில் ஒரு பதார்த்தத்தின் மூலக்கூற்றுத் திணிவை அறிய அதன் ஆவியடர்த்தியை அளந்தனர். ஆனால் சீனியைச் சூடாக்கினால் அது ஆவியாகாமல் கருகிவிடும் அல்லவா? இத்தகைய பதார்த்தங்களுக்கு என்ன வழி? இரவோற்று அவற்றை நீரில் கரைத்து, கரைசலின் உறைநிலையை அளந்தார். பல சேதனச் சேர்வைகளை ஒப்பிட்டு, 1882 இல் பொதுவான தொடர்பொன்றை வெளியிட்டார்.

அதனை இவ்வாறு விளங்கிக்கொள்ளுங்கள். 1 கிலோகிராம் நீரில் 6 கிராம் யூரியாவையோ, 18 கிராம் குளுக்கோசையோ, 34.2 கிராம் சுக்குரோசையோ கரைத்தால் உறைநிலை ஏறத்தாழ 0.186 பாகை செல்சியஸ் தாழும். திணிவுகள் வேறு, ஆனால் மூன்றிலும் கரையம் 0.1 மூல் ஆகும். அதாவது, இறக்கத்தைத் தீர்மானிப்பது கரையத் துணிக்கைகளின் எண்ணிக்கையே.

அடுத்து அவர் ஆவியமுக்கத்தை ஆராய்ந்தார். ஆவிப்பறப்பற்ற கரையமொன்றைச் சேர்க்கும்போது கரைப்பான் துணிக்கைகளின் பின்னம் குறைகின்றது. எனவே ஆவியாதல் வீதமும் ஆவியமுக்கமும் குறைகின்றன; கொதிநிலை உயர்கின்றது. ஐதான கரைசலில் ஆவியமுக்கத்தின் சார் இறக்கம் கரையத்தின் மூல் பின்னத்திற்குச் சமன் என்பதை 1887 இல் அவர் காட்டினார். இதுவே இரவோற்றின் விதி.

ஆனால் உப்புகள் இத்தொடர்புக்கு அடங்கவில்லை. 0.1 மூல் சோடியம் குளோரைட்டு, அதாவது 5.85 கிராம், 1 கிலோகிராம் நீரின் உறைநிலையை ஏறத்தாழ 0.35 பாகை தாழ்த்தும். எதிர்பார்த்ததைப் போல் இது கிட்டத்தட்ட இருமடங்காகும். இரவோற்று தமக்குக் கிடைத்த இத்தகைய அளவீடுகளை மறைக்காமல் அப்படியே வெளியிட்டார். நீரில் உப்பு அயன்களாகப் பிரிகின்றது என்ற கொள்கையை 1887 இல் சுவீடனின் அரேனியஸ் முன்வைத்தபோது, பலர் அதை ஏற்கத் தயங்கினர். அப்போது அவருக்கு வலுவான சான்றாக அமைந்தவை இரவோற்றின் அளவீடுகளே.

இலண்டன் றோயல் கழகம் 1892 இல் இரவோற்றுக்கு டேவிப் பதக்கம் வழங்கியது. 1901 ஏப்ரல் 1 இல் அவர் கிரெனோபிளில் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் இரசாயனவியலுக்கான முதலாவது நோபல் பரிசைப் பெற்ற வன்ற் ஹொவ்வின் கரைசல் கொள்கைக்கும் இரவோற்றின் அளவீடுகள் துணைநின்றன.

கவனிக்க: உறைநிலை இறக்கம் கரையத்தின் திணிவில் மட்டும் தங்கியுள்ளது என விடை எழுதாதீர்கள். துணிக்கைகளை எண்ணுங்கள், அயன்களாகப் பிரியுமா எனவும் பாருங்கள்.

பயிற்சி: 1 கிலோகிராம் நீரில் 0.1 மூல் கல்சியம் குளோரைட்டு முற்றாக அயனாகுமெனின், உறைநிலை இறக்கம் யாது? (விடை: 0.558 பாகை செல்சியஸ்)