பாறைகளில் பழைய வானிலையைப் படித்தவர்: பனிக்குள் மறைந்த ஆல்ஃபிரட் வெகனர் யார்?

கண்டங்கள் நகர்கின்றன என்பதை இன்று பள்ளிப் பாடப் புத்தகமே சொல்கிறது. ஆனால், 100 ஆண்டுகளுக்கு முன் இதைச் சொன்னவரைப் பெரிய பெரிய புவியியல் நிபுணர்களே கேலி செய்தார்கள். அவர் புவியியல் படித்தவரும் இல்லை, ஒரு வானிலை ஆய்வாளர். ஆனா, அந்த வானிலை அறிவுதான் மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை அவருக்குக் காட்டிக்கொடுத்தது.

யார் இந்த வெகனர்?

ஆல்ஃபிரட் வெகனர் 1880 நவம்பர் 1-ம் தேதி ஜெர்மனியின் பெர்லினில் பிறந்தார். 1905-ல் வானியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், அப்படியே வானிலை ஆய்வுக்குத் தாவினார். 1906-ல் அண்ணன் கூர்ட்டுடன் பலூனில் ஏறி, தொடர்ந்து 52 மணி நேரத்துக்கும் மேல் பறந்து உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு கிரீன்லாந்துக்கு முதல் பயணம். 1912-13-ல் மீண்டும் போய், பனிப்பாறை மேலேயே ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கினார்.

ஒடிசாவில் பனிப்பாறையா?

தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் வரைபடத்தில் அச்சு அசலாகப் பொருந்துவதை வெகனர் கவனித்தார். இது அவருக்கு முன்பே சிலர் பார்த்ததுதான். பொருத்தத்தோடு நிற்காமல், அவர் ஆதாரம் தேடிப் போனார்.

மெசோசாரஸ் என்ற சிறிய ஊர்வனவின் புதைபடிவம் பிரேசிலிலும் கிடைத்திருந்தது, தென் ஆப்பிரிக்காவிலும் கிடைத்திருந்தது. அட்லாண்டிக் பெருங்கடலை அது நீந்திக் கடந்திருக்க முடியாது. குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் இலைப் படிவங்கள் இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என எல்லா இடத்திலும் இருந்தன.

அடுத்த ஆதாரம்தான் ரொம்ப முக்கியம். பனிப்பாறை நகரும்போது அடியில் சிக்கும் கற்களைத் தேய்த்துக் கீறிவிடும். அப்படிக் கீறல் விழுந்த கற்கள் ஒடிசாவின் தால்சேரில் 19-ம் நூற்றாண்டிலேயே கிடைத்திருந்தன. வயது சுமார் 30 கோடி ஆண்டுகள். கிட்டத்தட்ட அதே காலத்துப் பனிப்பாறைத் தடயங்கள் தென் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலும் இருந்தன.

வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனிப்பாறை எப்படி வந்தது?

வானிலை ஆய்வாளரின் கணக்கு

பூமி முழுவதுமே அப்போது குளிர்ந்திருந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஏனென்றால், ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெப்பமண்டல சதுப்புக் காடுகள் செழித்திருந்தன. அங்கே உள்ள நிலக்கரிதான் அதற்குச் சாட்சி.

வெகனருக்கு ஒவ்வொரு பாறையும் ஒரு பழைய வானிலை அறிக்கை. கீறல் விழுந்த கல் என்றால் பனி. நிலக்கரி என்றால் ஈரமான காடு. உப்புப் படிவு என்றால் நீர் வற்றிய வறண்ட நிலம். இந்த அறிக்கைகளை இன்றைய வரைபடத்தில் வைத்தால் எதுவும் ஒத்துவராது. ஆனா, கண்டங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்த்தால், பனித் தடயங்கள் எல்லாம் தென் துருவத்தைச் சுற்றி ஒரே இடத்தில் கூடிவிடும். நிலக்கரிக் காடுகள் பூமத்தியரேகைப் பக்கம் வந்து நிற்கும்.

1912 ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட்டில் இந்தக் கருத்தை முன்வைத்தார். முதல் உலகப்போரில் இருமுறை காயமடைந்த அவர், 1915-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 1924-ல், காலநிலை ஆய்வில் பெரும் பெயர் பெற்ற மாமனார் விளாடிமிர் கோப்பனுடன் சேர்ந்து, பூமியின் பழங்கால காலநிலை பற்றித் தனி நூலே எழுதினார்.

ஏன் யாரும் ஏற்கவில்லை?

எதிர்ப்புக்குப் பொறாமை மட்டும் காரணம் அல்ல. இவ்வளவு பெரிய கண்டத்தை நகர்த்தும் விசை எது என்ற கேள்விக்கு வெகனரிடம் சரியான பதில் இல்லை. பூமியின் சுழற்சியும் நிலவின் ஈர்ப்பும் என்றார். அந்த விசைகள் துளியும் போதாது என்று இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கு சரிதான். 1926-ல் நியூயார்க்கில் நடந்த கருத்தரங்கில் விமர்சனம் இன்னும் கடுமையானது.

திரும்பாத பயணம்

1930-ல் கிரீன்லாந்து ஆய்வுக் குழுவுக்கு வெகனர் தலைமை தாங்கினார். கடற்கரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உள்ளே, பனியின் நடுவில் ஐஸ்மிட்டே என்ற ஆய்வு நிலையம். அங்கே இருந்த இருவருக்குக் குளிர்காலத்துக்கு வேண்டிய பொருட்கள் போய்ச் சேரவில்லை.

செப்டம்பரில் வெகனரே நாய் வண்டிகளோடு கிளம்பினார். குளிர் தாங்காமல் கூட வந்தவர்களில் பெரும்பாலானோர் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். மைனஸ் 50 டிகிரியையும் தாண்டிய குளிரில், அக்டோபர் 30-ல் மூன்று பேர் மட்டும் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவருக்குக் கால் விரல்கள் உறைந்துபோனதால் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. ஐந்து பேருக்கும் அங்கே உணவு போதாது. அதனால் நவம்பர் 1-ம் தேதி, தன் 50-வது பிறந்தநாளில், வெகனரும் கிரீன்லாந்து இளைஞர் ராஸ்மஸ் வில்லும்சென்னும் திரும்பக் கிளம்பினார்கள். இருவருமே கரை சேரவில்லை.

1931 மே மாதம் வெகனரின் உடல் கிடைத்தது. மான் தோல்களுக்கு நடுவே மரியாதையோடு அடக்கம் செய்து, அடையாளத்துக்குப் பனிச்சறுக்குக் கட்டைகளையும் நட்டு வைத்திருந்தார் வில்லும்சென். அந்த வில்லும்சென் என்ன ஆனார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

பனி சொன்ன மீதிக் கதை

அந்தக் குளிர்காலத்தில் ஐஸ்மிட்டேயில் இருந்த எர்ன்ஸ்ட் சோர்கே, சுமார் 15 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஆண்டுக்கு ஆண்டு விழுந்து இறுகிய பனி அடுக்குகளை ஆராய்ந்தார். 1992-ல் அதே கிரீன்லாந்தில் விஞ்ஞானிகள் 3 கி.மீ. ஆழம் வரை துளையிட்டு, 1 லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலநிலைப் பதிவை வெளியே எடுத்தார்கள்.

கண்டங்களின் கதைக்கும் 1960-களில் பதில் கிடைத்தது. கடலடியில் புதிய தரை உருவாகி விரிவதை அங்குள்ள பாறைகளின் காந்தப் பதிவே காட்டியது. இப்போது கண்டங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதைச் செயற்கைக்கோள்களே அளக்கின்றன.

வெகனரின் உடலை யாரும் ஊருக்குக் கொண்டுபோகவில்லை. அவர் படிக்கப் போன அதே பனி, அடுக்கடுக்காக அவரை மூடியிருக்கிறது.