சாயக் கறை விரல் விஞ்ஞானி

கும்மிடிப்பூண்டி பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதைப் பார்க்கலாம். அதில் ஒன்று தொண்டை அடைப்பான் நோய்க்கானது. ஒரு காலத்தில் ஏராளமான குழந்தைகளை மூச்சுத் திணறச் செய்து கொன்ற நோய் அது. அதை எதிர்த்துப் போராடியவர்களில் ஒருவர், பால் எர்லிக்.

1854-ம் ஆண்டு மார்ச் 14-ந்தேதி, இன்று போலந்து நாட்டில் இருக்கும் ஸ்டிரெலன் என்ற ஊரில் பிறந்தார். மருத்துவம் படிக்கும்போதே அவருக்குச் சாயங்கள் மீது கொள்ளை ஆசை. விரல்களில் எப்போதும் சாயக் கறைதான்! ஒரு சாயம் சில செல்களில் மட்டும் ஒட்டுகிறது. பக்கத்துச் செல்லில் ஒட்டுவதில்லை. ஏன்? இந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

காசநோய்க் கிருமிக்குச் சாயமேற்ற நல்ல வழி கண்டுபிடித்த எர்லிக்கையே காசநோய் தாக்கியது. எகிப்து சென்று ஓய்வெடுத்து, 1889-ல் நலமாகத் திரும்பினார்.

மறு ஆண்டு, பேரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும் ஓர் அதிசயத்தைச் சொன்னார்கள். நோயை வென்ற விலங்கின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம், நோயின் நஞ்சை முறிக்கும்! ஆனால் அந்தச் சீரத்தின் வலிமை ஒவ்வொரு தடவையும் மாறியது. எர்லிக் விலங்குகளுக்கு நஞ்சைத் துளித்துளியாகக் கூட்டிக் கொடுத்து, வலிமையான சீரத்தைப் பெற்றார். அதைத் துல்லியமாக அளக்கவும் வழி சொன்னார். குழந்தைகள் பிழைத்தார்கள்.

1901-ல் நோபல் பரிசு பேரிங்குக்கு மட்டும் கிடைத்தது. எர்லிக் தன் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. சீரத்தில் இருப்பது எதிர்ப்பொருள். பூட்டுக்குச் சாவி போல அது தன் எதிரியை மட்டுமே பிடிக்கும் என்று விளக்கினார். அவரது பழைய சாயக் கேள்விக்கும் இதுதானே விடை! 1908-ல் மெச்னிகாஃபுடன் அவருக்கும் நோபல் பரிசு வந்தது. அடுத்த ஆண்டு, அவரது ஆய்வுக்கூடத்தில் 606 என்ற எண்ணிட்ட ரசாயனப் பொருள், சிஃபிலிஸ் என்ற கொடிய நோய்க்கு மருந்தாகும் என்று தெரிந்தது. 1915-ல் எர்லிக் மறைந்தார்.

எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் செல்லுக்கு வெளியேதான் வேலை செய்யும். செல்லுக்குள்ளே பல உருக்குலைந்துவிடும். அதனால் இன்றைய விஞ்ஞானிகள் ஏராளமான எதிர்ப்பொருள்களை உயிருள்ள செல்லுக்குள்ளேயே சோதித்து, உருக்குலையாமல் எதிரியைப் பிடிப்பவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். எது எதில் ஒட்டும் என்ற எர்லிக்கின் தேடல், இன்றும் தொடர்கிறது!