நொண்டிக் கோழி தந்த நோபல் பரிசு

கொல்லையில் ஒரு கோழி. நேற்று வரை நன்றாக மேய்ந்தது. இன்று காலையில் கால் மடங்கி உட்கார்ந்து விட்டது. தூக்கி நிறுத்தினால் தள்ளாடுகிறது. இரண்டு அடி வைத்ததும் சாய்ந்து விழுகிறது.

சென்னை அசோக் நகரில் இரண்டு மூன்று கோழி வளர்க்கும் குடும்பம் ஒன்று, இதைக் கண்டால் என்ன செய்யும்? அடுத்த வீட்டுப் பாட்டியிடம் யோசனை கேட்கும். சிலர், இனி இது தேறாது என்று அன்றே குழம்பு வைத்து விடுவார்கள்.

ஒரு டாக்டர் அப்படி விட்டு விடவில்லை. கால் விழுந்த கோழிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஏன் விழுந்தன என்று ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி, கோடிக்கணக்கான மக்களைப் பெரிய வியாதி ஒன்றில் இருந்து காப்பாற்ற வழி காட்டியது. உலகத்தின் மிகப்பெரிய பரிசும் அவரைத் தேடி வந்தது.

அவர் பெயர் கிறிஸ்டியான் எய்க்மன்.

வாத்தியார் மகன்

ஐரோப்பாவில் உள்ள சிறிய நாடு ஹாலந்து. அங்கே நைகெர்க் என்ற ஊரில், 1858-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந்தேதி எய்க்மன் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். எய்க்மன் ஏழாவது பிள்ளை.

பெரிய குடும்பம். வாத்தியார் சம்பளத்தில் பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைப்பது எளிதல்ல. ராணுவ டாக்டராக வேலை பார்க்கச் சம்மதித்தால், அரசாங்கமே படிக்க வைக்கும். எய்க்மன் அந்த வழியில் போனார். 1875-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ராணுவ மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். நன்றாகப் படித்து, 1883-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

இன்றைய இந்தோனேசியா அப்போது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. ராணுவ டாக்டர் எய்க்மனை அங்கே அனுப்பினார்கள். ஜாவா தீவிலும், சுமத்ரா தீவிலும் வேலை பார்த்தார்.

அங்கே அவரை மலேரியாக் காய்ச்சல் பிடித்தது. உடம்பு மிகவும் கெட்டு விட்டது. 1885-ம் ஆண்டு லீவு போட்டு ஊருக்குத் திரும்பினார். மறு ஆண்டு மனைவி இறந்து போனார். எய்க்மனுக்கு அப்போது வயது 28 கூட நிறையவில்லை. உடம்பிலும் நோய், மனதிலும் துயரம்.

ஆனாலும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. ஜெர்மனியில் பெர்லின் நகருக்குப் போனார். காச நோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக் அங்கே இருந்தார். அவரிடம் கிருமி ஆராய்ச்சி கற்றுக்கொண்டார்.

சிப்பாய்களைக் கொன்ற வியாதி

அந்தக் காலத்தில் "பெரிபெரி" என்ற வியாதி ஆசியாவை ஆட்டி வைத்தது. அரிசி சாப்பிடும் நாடுகளில்தான் அது அதிகம்.

முதலில் கால் மரத்துப் போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கும். கடைசியில் இருதயம் பலவீனம் அடைந்து உயிர் போகும். "பெரிபெரி" என்பது சிங்களச் சொல் என்றும், முடியாது முடியாது என்று அதற்குப் பொருள் என்றும் சொல்வது உண்டு.

சுமத்ரா தீவில் டச்சுக்காரர்கள் நடத்திய போரில், சிப்பாய்கள் இந்த வியாதியால் ஏராளமாகச் சாய்ந்தார்கள். ஜெயில்களில் கைதிகள் செத்தார்கள். கப்பல்களில் மாலுமிகள் செத்தார்கள். டச்சு அரசாங்கம் பயந்து போனது. காரணம் கண்டுபிடிக்க பெக்கல்ஹாரிங், விங்க்ளர் என்ற இரண்டு நிபுணர்களை 1886-ம் ஆண்டு அனுப்பியது. உதவிக்கு எய்க்மனும் போனார்.

எல்லா நோய்க்கும் கிருமியே காரணம் என்று டாக்டர்கள் நம்பிய காலம் அது. பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் முடிவு கட்டினார்கள். 1887-ம் ஆண்டு ஊருக்குத் திரும்பி விட்டார்கள். மிச்ச வேலை எய்க்மன் தலையில் விழுந்தது.

1888-ம் ஆண்டு ஜனவரி மாதம், பட்டேவியாவில் ராணுவ ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் தலைவர் ஆனார். இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய பட்டேவியா. அந்த ஆண்டிலேயே இரண்டாவது திருமணமும் செய்துகொண்டார்.

கோழிகள் விழுந்தன

கிருமியைத் தேடும் சோதனைக்கு எய்க்மன் கோழிகளை வாங்கினார். கோழி விலை மலிவு. வளர்ப்பதும் சுலபம்.

பெரிபெரி நோயாளிகளிடம் இருந்து எடுத்ததைச் சில கோழிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். மற்றக் கோழிகளைச் சும்மா விட்டார். ஊசி போட்ட கோழிக்கு மட்டும் வியாதி வர வேண்டும் என்பது கணக்கு.

1889-ம் ஆண்டு ஜூலை மாதம் வியாதி வந்தது. ஆனால் ஊசி போட்ட கோழி, போடாத கோழி என்ற வித்தியாசம் இல்லாமல் வந்தது! தனியாகப் பிரித்து வைத்த கோழிகளும் தப்பவில்லை.

முதலில் கோழியின் நடை தடுமாறியது. கம்பில் ஏறி உட்கார முடியவில்லை. கால் மடங்கி விழுந்தது. பிறகு இறக்கை தொங்கியது. கழுத்து வளைந்தது. தலையைத் தூக்க முடியாமல் கிடந்து, மூச்சு அடங்கிச் செத்தது. இறந்த கோழிகளின் நரம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பெரிபெரி நோயாளிகளின் நரம்பைப் போலவே கெட்டு இருந்தது.

எய்க்மன் கிருமியைத் தேடினார். கிடைக்கவில்லை. நவம்பர் மாதக் கடைசியில் இன்னொரு ஆச்சரியம் நடந்தது. மருந்து எதுவும் கொடுக்காமலே வியாதி நின்று விட்டது. நொண்டிய கோழிகள் எழுந்து நடந்தன!

சமையல்காரர் செய்த உதவி

எய்க்மன் கோழித் தீவனத்தைப் பற்றி விசாரித்தார். உண்மை வெளியே வந்தது.

கோழிகளுக்கு வழக்கமாகத் தவிடு நீக்காத மட்ட அரிசி போடுவார்கள். ஆராய்ச்சிக்கூடத்து வேலையாள் ஒருவர் சிக்கனம் பிடிக்க நினைத்தார். ஜூன் மாதம் முதல், ஆஸ்பத்திரிச் சமையல் அறையில் மிஞ்சிய சோற்றை வாங்கிக் கோழிகளுக்குப் போட்டார். அது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு.

நவம்பரில் சமையல்காரர் மாறினார். புதிதாக வந்தவர் கண்டிப்பான ஆள். ராணுவத்துச் சோற்றை, ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்து விட்டார். வேலையாள் பழையபடி மட்ட அரிசிக்குப் போனார். கோழிகள் பிழைத்தன!

சிப்பந்திகளின் தகராறு என்று சிரித்து விட்டுப் போகக் கூடிய விஷயம்தான். எய்க்மன் அப்படி விடவில்லை. வேண்டும் என்றே கோழிகளுக்கு வெள்ளை அரிசி மட்டும் போட்டார். மூன்று நான்கு வாரத்தில் கால் விழுந்தது. அதே கோழிகளுக்குத் தவிடு கொடுத்தார். எழுந்து நடந்தன. திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு முறையும் அதே முடிவுதான்.

ஜெயில் கணக்கு

கோழிக்குச் சரி. மனிதனுக்கும் அது பொருந்துமா?

ஜாவாவில் ஜெயில்களைப் பார்வையிடும் அதிகாரி டாக்டர் வோர்டர்மன். அவரிடம் எய்க்மன் விஷயத்தைச் சொன்னார். ஜாவா ஜெயில்களில் இடத்துக்கு இடம் அரிசி வேறு. வோர்டர்மன் சுமார் 100 ஜெயில்களில் கணக்கு எடுத்தார். மொத்தம் 2 லட்சத்து 80 ஆயிரம் கைதிகள்!

அந்தக் கணக்கு 1897-ம் ஆண்டு வெளிவந்தது. தீட்டிய வெள்ளை அரிசி போட்ட ஜெயில்களில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி வந்திருந்தது. தவிடு நீக்காத அரிசி போட்ட ஜெயில்களில் 10 ஆயிரம் பேருக்கு ஒருவர்தான்!

நீராவி மில்கள் வந்த பிறகு பெரிபெரி பரவியதற்கும் காரணம் புரிந்தது. கையால் குத்திய அரிசியில் கொஞ்சம் தவிடு ஒட்டிக் கொண்டிருக்கும். மில் அதை முழுவதும் சுரண்டி எடுத்து விடும். அரிசி வெள்ளை வெளேர் என்று இருக்கும். உயிர்ச்சத்து போய்விடும்.

உதவியாளர் கண்ட உண்மை

ஆனால் எய்க்மன் சொன்ன விளக்கம் முழுவதும் சரி அல்ல. அரிசி மாவில் ஒரு விஷம் இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று அவர் கருதினார். 1896-ம் ஆண்டு உடல் நலம் கெட்டு ஹாலந்துக்குத் திரும்பினார்.

அவருடைய வேலையைத் தொடர்ந்தவர் கெரிட் கிரைன்ஸ். விஷம் எதுவும் இல்லை. உடம்புக்குத் தேவையான ஒரு சத்து தவிட்டில் இருக்கிறது, அது இல்லாததால்தான் வியாதி வருகிறது என்று 1901-ம் ஆண்டு அவர் கூறினார். அதுதான் உண்மை. எய்க்மனும் பிறகு அதை ஒப்புக் கொண்டார்.

போலந்து நாட்டில் பிறந்த காசிமிர் பங்க், 1912-ம் ஆண்டு இப்படிப்பட்ட சத்துகளுக்கு "வைட்டமின்" என்று பெயர் சூட்டினார். 1926-ம் ஆண்டு பட்டேவியாவில் ஜான்சன், டோனாத் என்ற இருவர், தவிட்டில் இருந்து அந்தச் சத்தைப் பிரித்து எடுத்தார்கள். 1936-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாகவே செய்து காட்டினார். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்!

அந்தச் சத்துதான் வைட்டமின் பி1. நாம் உண்ணும் மாவுச் சத்தை உடம்பு சக்தியாக மாற்ற, அது தேவை. அது குறைந்தால் நரம்பு முதலில் பாதிக்கப்படும்.

தமிழர்களைக் காத்த புழுங்கல் அரிசி

மலாயாவில் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனத் தொழிலாளர்கள், பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதே நாட்டில் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களை அந்த வியாதி பெரும்பாலும் தொடவில்லை. காரணம், சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கி விடும். பிறகு மில்லில் கொடுத்தாலும் ஓரளவு தங்கும். நம் பாட்டிமார்கள் வைட்டமின் என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆனால் அவர்கள் நெல் அவித்த அண்டா உயிர் காத்தது.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. நீலகிரியில் குன்னூரில், 1918-ம் ஆண்டு டாக்டர் மெக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து பெரிய உணவு ஆராய்ச்சிக்கூடம் ஆகி, 1958-ம் ஆண்டு ஐதராபாத்துக்கு மாறியது.

நோபல் பரிசு

எய்க்மன் 1898-ம் ஆண்டு உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பேராசிரியர் ஆனார். 1929-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இங்கிலாந்து நாட்டு ஹாப்கின்சுடன் அதைப் பகிர்ந்து கொண்டார். அப்போது எய்க்மனுக்கு வயது 71. நோயாளியாக இருந்ததால் பரிசளிப்பு விழாவுக்குப் போக முடியவில்லை.

மறு ஆண்டு, 1930 நவம்பர் 5-ந்தேதி உட்ரெக்டில் காலமானார். பட்டேவியாவில் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு 1938-ம் ஆண்டு அவர் பெயரையே வைத்தார்கள்.

உங்கள் வீட்டுக் கோழி

மிஞ்சிய வெள்ளைச் சோற்றை மட்டும் தின்று வளரும் கோழி இன்றும் உண்டு. எய்க்மன் கண்ட பாடம் அதற்கும் பொருந்தும். சோற்றோடு தவிடு, கம்பு, கீரை சேர்த்துப் போடுங்கள். கடையில் விற்கும் கோழித் தீவனம் கலந்தால் இன்னும் நல்லது.

கோழி திடீரென்று கால் விழுந்தால், முதலில் அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். கீழே வைக்கோல் பரப்புங்கள். தண்ணீரும் தீனியும் அலகுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வரும். அடிக்கடி திருப்பி விடுங்கள். தவிட்டை ஈரமாகப் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தொண்டைக்குள் திணிக்கக் கூடாது. தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆனால், கால் விழுந்தால் எல்லாமே சத்துக் குறைவு என்று எண்ண வேண்டாம். அடிபட்டாலும் விழும். முட்டை இடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும் விழும். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீண்டு கிடந்தால், அது "மாரெக்ஸ்" என்ற தொற்று நோயாக இருக்கலாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, கழுத்தும் திருகினால் வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். இந்த இரண்டையும் தவிடு தீர்க்காது. வரும் முன்பே தடுப்பூசி போடுவதுதான் வழி.

ஆகவே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். அசோக் நகரில் இருந்து வேப்பேரி அதிக தூரம் இல்லை. 1903-ம் ஆண்டு தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பல கோழிகள் ஒரே சமயத்தில் செத்தால் சமைக்க வேண்டாம். உடனே கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது, கோழி என்ன தின்றது, எப்போது முதல் தின்றது என்று யோசித்து வைத்துக் கொண்டு போங்கள். எய்க்மனுக்கு வழி திறந்தது அந்தக் கேள்விதான்.