பெனிசிலின் தந்தவரின் எச்சரிக்கை

சேர் அலெக்சாண்டர் பிளெமிங் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது பெனிசிலின். விஞ்ஞானப் பாடத்தில் நானும் அவ்வளவே படித்திருந்தேன். அவரது வாழ்க்கை வரலாற்றைத் தேடி வாசித்தபோது, அம்மருந்தைப் பற்றி அவரே விடுத்த எச்சரிக்கைதான் என் மனதில் ஆழமாகப் பதிந்தது.

ஸ்கொட்லாந்தின் விவசாயக் குடும்பமொன்றில் 1881 ஓகஸ்ட் 6 ஆம் திகதி பிறந்த பிளெமிங், 7 வயதில் தந்தையை இழந்தார். பின்னர் லண்டன் சென்று, கப்பல் கம்பனி அலுவலகமொன்றில் 4 ஆண்டுகள் வேலை செய்தார். உறவினரின் சொத்தில் கிடைத்த பணத்தைக் கொண்டு சென் மேரிஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1906 இல் வைத்தியரானார்.

முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் காயமடைந்த படையினர் மத்தியில் பணியாற்றினார். ஆழமான காயங்களில் ஊற்றப்பட்ட கிருமிநாசினிகள் உள்ளே மறைந்திருந்த கிருமிகளை எட்டாமல், கிருமிகளோடு போராடும் வெண்குருதிக் கலங்களையே அழிப்பதை ஆராய்ந்து காட்டினார். இடமறியாமல் இட்ட மருந்து தீங்காகும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

1928 செப்டெம்பரில் விடுமுறை முடிந்து ஆய்வுகூடத்துக்குத் திரும்பியவர், பற்றீரியா வளர்த்த தட்டொன்றில் பூஞ்சணம் பிடித்திருப்பதைக் கண்டார். அதைச் சுற்றியிருந்த பற்றீரியாக்கள் அழிந்திருந்தன. அந்தப் பூஞ்சணத்திலிருந்து வந்ததே பெனிசிலின். அதைத் தூய்மையாக்கி மருந்தாக்கியவர்கள் ஒக்ஸ்போர்டின் புளோரி, செயின் குழுவினர். 1941 இல் பொலிஸ்காரர் ஒருவருக்கு அதைக் கொடுத்தார்கள். அவர் தேறி வரும்போதே மருந்து தீர்ந்துவிட்டது. அவரது சிறுநீரிலிருந்தும் பெனிசிலினைப் பிரித்தெடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் போதாமல் அவர் இறந்துபோனார். ஒரு துளிக்கும் அவ்வளவு அருமை!

1945 இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டொக்ஹோமில் ஆற்றிய உரையில் பிளெமிங் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் காட்டினார். தொண்டை நோவுக்குத் தானாகவே பெனிசிலின் வாங்கிய கணவர், போதாத அளவில் பாவிக்கிறார். சாகாத கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகி, மனைவியைத் தொற்றுகின்றன. நிமோனியா கண்ட அவளுக்கு அதே மருந்து பலிக்கவில்லை; அவள் இறக்கிறாள். அந்த மரணத்துக்குக் கணவரின் அலட்சியமே காரணம் என்றார் பிளெமிங்.

அன்புப் பெற்றோரே, தோழியரே! தடிமனும் சளிக்காய்ச்சலும் பெரும்பாலும் வைரசினால் வருபவை. அன்டிபயோட்டிக் வைரசைக் கொல்லாது. குடும்ப வைத்தியர் பிள்ளையைப் பரிசோதித்து, இப்போது அன்டிபயோட்டிக் தேவையில்லை, மூச்செடுக்கக் கஷ்டப்பட்டாலோ காய்ச்சல் குறையாவிட்டாலோ உடனே கொண்டு வாருங்கள் என்று சொன்னால், அதுவும் வைத்தியமே. வற்புறுத்தி எழுதுவிப்பதும், அடுத்த டிஸ்பென்சரியைத் தேடி ஓடுவதும் பிள்ளைக்குச் செய்யும் நன்மையாகாது. வற்புறுத்தலுக்கு இணங்காதிருப்பது வைத்தியரின் கடமை. தேவையென்று அவர் எழுதித் தந்தால், சொன்ன அளவில் சொன்ன நாள்வரை கொடுப்பது எமது கடமை. மிஞ்சியதை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்கவும் கூடாது.

1955 மார்ச் 11 ஆம் திகதி பிளெமிங் காலமானார். இறைவன் அவர் மூலம் மனிதருக்குக் கிடைக்கச் செய்த இம்மருந்து ஓர் அமானிதம். அது பலிக்கும் நிலையிலேயே அடுத்த தலைமுறையிடம் அதை ஒப்படைப்போமாக!